எலிக்கு ஏன் எலிக்காய்ச்சல் வருவதில்லை?

பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போ பிள்ளைகள் உலு செப்போருக்குக் குளிக்கப் போவார்கள். தாப்பா, பீடோர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லாத்தா கிஞ்சாங் அருவி இருக்கிறது. எங்கே போனாலும் சரி, கிளம்புகிற நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "கால்ல புண்ணு இருந்தா தண்ணியில எறங்காத! தண்ணிய வாயில வாங்காத! கென்சிங் திக்குஸ் வந்துரும்!"

நல்ல எச்சரிக்கைதான். கென்சிங் திக்குஸ் என்கிற இந்த எலிக்காய்ச்சல் வந்தால் திடீரென்று உடம்பு கொதிக்கும், தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், கெண்டைக்கால் தசையைத் தொடவே முடியாது, கண் சிவக்கும். முற்றிவிட்டால் மஞ்சள் காமாலை வரும், சிறுநீரகம் வேலை செய்யாமல் போகும். மலேசியாவில் 2010 முதல் இது சுகாதார அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்.

சரி, இப்போது ஒரு கேள்வி. அந்தக் கிருமி நாள் முழுக்க எலியின் உடம்புக்குள்தான் இருக்கிறது. எலியின் சிறுநீரகத்தில் குடும்பம் நடத்தி, எலியின் சிறுநீரோடு வெளியே வருகிறது. அப்படியிருந்தும் எலிக்குக் காய்ச்சல் இல்லை, காமாலை இல்லை. கடைவீதிப் பின்சந்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமியைச் சுமக்கிறவன் சுகமாக இருக்க, ஒரு துளி பட்டவன் படுக்கையில் விழுவது எப்படி?

முதலில் கிருமியைப் பார்ப்போம். பெயர் லெப்டோஸ்பைரா. சுருள்சுருளான, மெல்லிய பாக்டீரியா. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். நுனி கொக்கிபோல வளைந்திருக்கும். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தோலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், நுழைந்துவிடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் போகும். இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியர்கள். 1915-ல் கியூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பரவிய காய்ச்சலை இனாடா ரியூகிச்சியும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். நோயாளியின் இரத்தத்தைக் கினிப்பன்றிக்குச் செலுத்திப் பார்த்துக் கிருமியைப் பிடித்தார்கள். எலிதான் அதைச் சுமக்கிறது என்பதும் சீக்கிரமே தெரிந்தது.

மலாயாவில் இந்த நோயை 1925-ல் அடையாளம் கண்டவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூரில் 1900-ல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்தவர். பிறகு அதே கழகத்து ஆட்கள் காட்டிலும் கம்பத்திலும் தோட்டத்திலும் கூண்டு வைத்து எலி, அணில் என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துச் சோதித்தார்கள். அந்தக் கணக்கு 1961-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. மலாயாவில் இந்தக் கிருமியின் முக்கியமான வீடு எலிகள்தான் என்பது அதில் தெளிவாயிற்று.

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களின் கால் எப்படி இருந்தது என்று. ஈரப் புல், அட்டை கடித்த புண், மழைத் தண்ணீர் நின்ற வாய்க்கால். லெப்டோஸ்பைரா நுழைய இதைவிட வசதியான வழி கிடைக்காது. பிறகு பல தோட்டங்களில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். எலிக்குப் பால்மரத்தால் பெரிய பயன் இல்லை. செம்பனைக் குலையோ அதற்கு ஆண்டு முழுவதும் விருந்து. செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது எலி பிடிக்கும் கூகைக்கு நிர்வாகமே கட்டிக்கொடுத்த வீடு!

கேள்விக்குத் திரும்புவோம். எலி ஏன் தப்பிக்கிறது? விடையின் ஒரு முக்கியமான பகுதி எலியின் மரபணுவில் இருக்கிறது.

நம் உடம்பில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய புரதங்களை எப்படிச் செய்வது என்ற குறிப்பை உள்ளே வைத்திருக்கிறது. ஒரு புரதத்துக்கு உரிய குறிப்புதான் ஒரு மரபணு. நோய் எதிர்ப்புக்காக மட்டும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒரு வகை, வெள்ளை அணுவின் மேல்தோலில் நிற்கும் காவல் புரதங்களைச் செய்கிறது. 'டோல்' ஏற்பிகள் என்று அவற்றுக்குப் பெயர்.

தோட்டத்து வாசலில் நிற்கும் ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே வருகிறவர்களை முகம் பார்ப்பது ஒரு வேலை. ஆகாதவன் வந்தால் உள்ளே இருக்கிற மணியை இழுப்பது இன்னொரு வேலை. டோல் ஏற்பிக்கும் இப்படி இரண்டு பாகம் உண்டு. வெளிப்பாகம் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். கிருமியின் மேலுறையில் இருக்கும் கொழுப்பையோ புரதத்தையோ பிடித்துப் பார்ப்பது அதுதான். உயிரணுவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பாகம் மணி அடிக்கிறது. மணி கேட்டதும் அணு விழித்துக்கொள்ளும், வேதிப்பொருள்களை அனுப்பி மற்ற அணுக்களைக் கூப்பிடும்.

இந்த ஏற்பி முதலில் எங்கே கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? அழுகிய வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈயில்! ஈயின் முட்டை எப்படி முதுகு, வயிறு என்று வடிவம் கொள்கிறது என்று ஜெர்மனியில் ஆராய்ந்தபோது 'டோல்' மரபணு அகப்பட்டது. 1996-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல்ஸ் ஹோஃப்மன் குழுவினர் அதே மரபணு பழுதான ஈக்களைப் பூஞ்சைக்கு ஆட்படுத்திப் பார்த்தார்கள். பாவம், அந்த ஈக்கள் உடம்பெல்லாம் பூஞ்சை மண்டிச் செத்தன. டோல் ஈயைக் காவலும் காக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த காட்சி சுண்டெலியில். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடற்கரை ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளை உலகத்துக்கே அனுப்பும் இடம். அங்கே வளர்ந்த ஒரு வம்சத்தின் பெயர் சி3எச்/ஹெச்இஜே. அதனிடம் விசித்திரமான குணம் ஒன்று இருந்தது. சில பாக்டீரியாக்களின் மேலுறைக் கொழுப்பை எடுத்து ஊசி போட்டால் மற்றச் சுண்டெலிகள் சுருண்டு விழும், இது சும்மா இருக்கும். 'அடேயப்பா, பலசாலி' என்று நினைத்துவிடாதீர்கள். உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுத்தால் இதுதான் முதலில் சாகும். ஊசிக்கு விழாததன் காரணம், வந்தவன் எதிரி என்பதே அதற்குத் தெரியாமல் போனதுதான்.

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் பல ஆண்டுகள் தேடி, 1998-ல் காரணத்தைக் கண்டார்கள். டோல்-4 என்ற ஏற்பியின் மரபணுவில் புரதத்துக்கு உரிய குறிப்பு மட்டும் ஏறக்குறைய 2,500 எழுத்துகள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது! சுண்டெலியின் டோல்-4 புரதத்தில் 835 அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. 712-ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டும், இந்த வம்சத்தில் அங்கே ஹிஸ்டிடின் இருந்தது. அந்த இடம் வால்பாகத்தில் வருகிறது. முகம் பார்க்கிற ஜாகா இருக்கிறான், மணிக்கயிறு அறுந்துபோயிற்று. ஹோஃப்மனும் பாய்ட்லரும் 2011-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்கள். ரால்ஃப் ஸ்டெய்ன்மனும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார்.

இனி நம் கென்சிங் திக்குஸ். மேலே சொன்ன மணிக்கயிறு அறுந்த வம்சத்துக் குட்டிகளுக்கு லெப்டோஸ்பைராவைக் கொடுத்தால் செத்துப்போகின்றன. சாதாரணச் சுண்டெலியோ அதைத் தாங்கிக்கொண்டு, எலியைப் போலவே சிறுநீரகத்தில் சுமக்கிறது. ஆக, சுண்டெலியைக் காப்பாற்றுவதில் டோல்-4க்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியானால் மனிதருக்கும் டோல்-4 இருக்கிறதே, நம்மை ஏன் அது காப்பாற்றவில்லை?

2005-ல் பாரிஸின் பாஸ்டர் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். லெப்டோஸ்பைராவின் மேலுறைக் கொழுப்பை எடுத்துச் சுண்டெலி அணுக்களுக்கும் மனித அணுக்களுக்கும் காட்டினார்கள். சுண்டெலியின் டோல்-4 அந்தக் கொழுப்பை அடையாளம் கண்டு மணியடித்தது. மனிதருடைய டோல்-4 பேசாமல் இருந்தது! லெப்டோஸ்பைராவின் மேலுறைக் கொழுப்பு மற்றப் பாக்டீரியாக்களுடையதைப் போல இல்லை, அமைப்பில் கொஞ்சம் வேறுபட்டது. அந்த வேறுபாட்டை மீறியும் சுண்டெலியின் லாடம் அதைப் பிடிக்கிறது. நம்முடைய லாடத்தில் அது சிக்குவதில்லை. டோல்-2 என்ற இன்னொரு காவல் நமக்கும் உண்டு, அது லெப்டோஸ்பைராவைப் பார்க்கத்தான் செய்கிறது. ஆனால் சுண்டெலிக்கு இரண்டு மணி அடிக்கிற இடத்தில் நமக்கு ஒன்றுதான் அடிக்கிறது.

முதல் சில நாள்கள்தான் முக்கியம். சுண்டெலியில் டோல்-4 அடித்த மணியால் எதிர்ப்புப் புரதங்கள் சீக்கிரம் தயாராகி, இரத்தத்தில் இருக்கும் கிருமியை ஒழிக்கின்றன. சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் ஒதுங்கிய சில மட்டும் தப்பிவிடும். அங்கே எதிர்ப்புப் புரதங்களின் நடமாட்டம் குறைவு. கிருமிக்கு ஓர் ஒதுக்குப்புறம் கிடைக்கிறது, விலங்குக்கு உயிர் கிடைக்கிறது. ஒருவகையில் சமாதான உடன்படிக்கைதான். மனிதரோ இந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாதவர்கள். லெப்டோஸ்பைரா நம்மைத் தேடி வருவதே இல்லை. நம்மிடமிருந்து இன்னொருவருக்கு அது பரவுவதும் மிக அபூர்வம். வழிதவறி வந்து நம் வீட்டைக் கொளுத்துகிறது, அதுவும் அழிகிறது.

இதைப் படித்து 'மனிதனின் டோல்-4 மட்டமானது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு பல பாக்டீரியாக்களின் கொழுப்புக்குச் சுண்டெலியைவிட நாம்தான் துடியாக விழித்துக்கொள்கிறோம்; சுண்டெலி சாதாரணமாகத் தாங்குகிற அளவு மனிதனைக் கொன்றுவிடும். அவரவர் முன்னோர் எந்தக் கிருமிகளோடு பழகினார்களோ அதற்கேற்ப லாடம் வளைந்திருக்கிறது.

மனிதரும் எலிகளும் ஒரே முன்னோரிடமிருந்து பிரிந்து ஏறக்குறைய 8, 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலத்தில் டோல்-4இன் வால்பாகம் அதிகம் மாறவில்லை. உள்ளே மணியடிக்கும் ஏற்பாடு ஈயிலிருந்து மனிதன் வரை ஒரே சாயலில் இருக்கிறது. அதில் கைவைத்தால் என்ன ஆகும் என்று பார் ஹார்பர் சுண்டெலியிடம் பார்த்தோமே! வெளியே இருக்கும் லாடம்தான் வேகமாக மாறியிருக்கிறது. கிருமி தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருப்பதால் அதைப் பிடிக்கிற பாகமும் மாற வேண்டியிருக்கிறது. எலிக்கு இதில் ஒரு வசதி உண்டு. சினைக்காலம் மூன்று வாரம்தான். பிறந்த குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானும் குட்டி போடத் தயார். நம் வீட்டில் ஒரு தலைமுறை வளர்வதற்குள் எலி வீட்டில் எண்பது தலைமுறையாவது ஓடிவிடும். மாற்றங்கள் பிறப்பதற்கும் தேறுவதற்கும் அத்தனை வாய்ப்புகள்.

சில மரபணுக்கள் மாறுவதோடு நிற்காமல் காணாமலே போயிருக்கின்றன. மனிதரிடம் பத்து டோல் மரபணுக்கள் வேலை செய்கின்றன, சுண்டெலியிடம் பன்னிரண்டு. டோல்-11, 12, 13 மூன்றும் சுண்டெலிக்கு உண்டு, நமக்கு இல்லை. டோல்-11இன் உடைந்த மிச்சம் மட்டும் நம் குரோமோசோமில் பழைய லயத்துச் சுவரைப் போல நிற்கிறது. பதிலுக்கு டோல்-10 நம்மிடம் நன்றாக இருக்கிறது. சுண்டெலியிடம் எப்போதோ ஒரு வைரஸின் துண்டு அந்த மரபணுவுக்குள் போய்ச் செருகிக்கொண்டு அதைக் கெடுத்துவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால், சுண்டெலியின் நெருங்கிய உறவான எலியிடம் டோல்-10 முழுசாக இருக்கிறது. ஆகவே அந்த விபத்து நடந்தது எலியும் சுண்டெலியும் பிரிந்த பிறகுதான். 2002-ல் சுண்டெலியின் மரபணுத் தொகுப்பும் 2004-ல் எலியின் தொகுப்பும் படித்து முடிக்கப்பட்டதால் இப்படியெல்லாம் ஒப்பிட்டுத் துப்பறிய முடிகிறது.

இதுவரை இனத்துக்கு இனம் உள்ள வேறுபாட்டைப் பேசினோம். ஒரே இனத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. தோட்டங்களில் லாலாங் புல் மண்டிய இடங்களில் எலியின் உடம்பில் தொற்றித் திரியும் நுண்ணிய உண்ணிக் குஞ்சுகள் மனிதரைக் கடித்தால் புதர்க்காய்ச்சல் வரும். அதற்குக் குளோராம்பெனிகால் மருந்து கேட்கும் என்று 1948-ல் கோலாலம்பூரில்தான் நிரூபித்தார்கள். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் லூத்வெய்ட்டும் சவூரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பிற்காலத்தில் புதர்க்காய்ச்சல் கிருமியின் ஒரு வகையைப் பல சுண்டெலி வம்சங்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சில வம்சங்கள் பிழைத்தன, சில மாண்டன. வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு 5-ஆம் குரோமோசோமில் இருப்பதாக 1980-ல் காட்டினார்கள்.

ஆனால் ஒரே இனத்துக்குள் வகைவகையாக இருப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது எச்-2 என்ற மரபணுக் கூட்டம். சுண்டெலியில் அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எலியில் ஆர்டி1 என்ற பெயரில் 20-ஆம் குரோமோசோமில். மனிதரில் எச்எல்ஏ என்ற பெயரில் 6-ஆம் குரோமோசோமில். லண்டனில் பீட்டர் கோரர் 1930-களில் தொடங்கி வைத்த ஆராய்ச்சியை அதே பார் ஹார்பரில் ஜார்ஜ் ஸ்னெல் விரிவாக்கினார். ஸ்னெலுக்கு 1980-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எச்-2 மரபணு செய்யும் புரதத்தின் உச்சியில் ஒரு பள்ளம் உண்டு. உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்களின் சின்னத் துண்டுகளை அந்தப் பள்ளத்தில் ஏந்தி வெளியே காட்டும். ரோந்து வரும் டி-அணு என்ற வெள்ளை அணு அதைப் பார்க்கும். உள்ளே வைரஸ் புகுந்திருந்தால் வைரஸின் துண்டும் பள்ளத்தில் தெரியும், உடனே அந்த அணு தீர்த்துக்கட்டப்படும். சுண்டெலிக்குச் சுண்டெலி வேறுபடுவது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தின் வடிவம்தான். ஒருவனின் பள்ளத்தில் பொருந்தாத துண்டு இன்னொருவனின் பள்ளத்தில் பொருந்தும். எல்லாச் சுண்டெலிக்கும் ஒரே பள்ளம் இருந்தால், அதில் பொருந்தாத ஒரு கிருமி வந்த நாளில் கூட்டமே காலி.

அதனால் பழைய வடிவங்கள் எளிதில் அழிவதில்லை. 1988-ல் ஜெர்மனியின் டூபிங்கனில் யான் கிளைனும் கூட்டாளிகளும் சுண்டெலியின் வடிவங்களையும் எலியின் வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில வடிவங்கள் இரண்டு இனத்திலும் ஒத்திருந்தன. இரண்டு இனமும் பிரிந்து 1 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்த வடிவங்கள் அதற்கும் மூத்தவை! புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கிற வீட்டுப் பக்கம் சுற்றும் ஒரு சுண்டெலியின் பள்ளம், தன் பக்கத்துச் சுண்டெலியின் பள்ளத்தைவிட வாய்க்கால் எலியின் பள்ளத்தோடு அதிகம் ஒத்துப்போகலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1976-ல் நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள், ஆண் சுண்டெலிக்கு இரண்டு பெண் சுண்டெலிகளைக் காட்டினால் பெரும்பாலும் தன்னிடமிருந்து மாறுபட்ட எச்-2 உள்ளதையே அது துணையாகத் தேர்ந்தெடுக்கிறது என்று கண்டார்கள். எப்படித் தெரிந்துகொள்கிறது? சிறுநீரின் வாசனையால்! நமக்கு நோய் கொண்டுவரும் அதே சிறுநீர் எலிக்குலத்துக்கு ஜாதகம் மாதிரி. வெவ்வேறு வடிவம் கொண்ட தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த குட்டிக்கு இரண்டு பக்கத்துப் பள்ளமும் கிடைக்கும்.

ஒரே வேலைக்கு இரண்டு குலம் இரண்டு வேறு வழி கண்ட கதையும் உண்டு. 'இயற்கைக் கொலையணு' என்று ஒரு வெள்ளை அணு இருக்கிறது. மற்ற அணுக்களைத் தடவிப் பார்த்து, கெட்டுப்போனதைக் கொல்வது அதன் தொழில். தடவிப் பார்க்கும் கைகளாகச் சுண்டெலியும் எலியும் எல்ஒய்49 என்ற மரபணுக் குடும்பத்தை வளர்த்திருக்கின்றன. ஒரு வம்சத்தில் எட்டு இருக்கும், இன்னொன்றில் பதினைந்து இருக்கும், அப்படிப் பெருகிக் கிடக்கிறது. மனிதரோ அதே வேலைக்குக் கிர் என்ற, உருவத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு குடும்பத்தை வளர்த்தார்கள்.

கடைசியாக ஒன்று. 'கொறிக்கும் விலங்கு எல்லாமே லெப்டோஸ்பைராவைத் தாங்கும்' என்று நினைத்தால் அது தப்பு. இனாடா கினிப்பன்றியில் கிருமியைப் பிடித்தார் என்று சொன்னேன் அல்லவா? கினிப்பன்றியும் கொறிக்கும் விலங்குதான். ஆனால் அது நோயைத் தாங்காமல் மனிதரைப் போலவே காமாலை வந்து விழும், அதனால்தான் பிடிபட்டது. வீட்டில் சிலர் கூண்டில் வளர்க்கும் ஹேம்ஸ்டரும் அப்படித்தான். எலியும் சுண்டெலியும் பிரிவதற்கு முன்பே ஹேம்ஸ்டரின் குலம் தனியாகப் போய்விட்டது. சிறிதளவு கிருமி போதும், சில நாள்களில் செத்துவிடும். எலிக்காய்ச்சல் மருந்துகளையும் தடுப்பூசிகளையும் ஆய்வகங்களில் இன்றும் ஹேம்ஸ்டரில்தான் சோதிக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஹேம்ஸ்டர் இருந்தால் கூண்டை இரவில் அடுப்படித் தரையில் வைக்காதீர்கள். கூரையிலிருந்து இறங்கி வருகிற வீட்டெலி அதன் தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம் போனால் ஆபத்து எலிக்கு இல்லை, ஹேம்ஸ்டருக்குத்தான்.